மெழுகின்மேல் கொட்டிய உப்பு

கறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பொம்மையார்பாளையத்தில் ஒரு தையல் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டு, எண்ணெய்க் கறை, பேனாக் கோடு, தையல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒட்டும்போது நாலு வார்த்தை திட்டுவது சம்பளத்தில் சேராது, அதை நானாகச் செய்கிறேன். டெய்லர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டால் சண்டை வரும்.

இப்படிப்பட்ட என் கையால்தான் அடுத்தவர் வீட்டுக் கார்ப்பெட்டில் எரிகிற மெழுகுதிரி கவிழ்ந்தது.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். நாங்கள் இருப்பது மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊரில், பங்குக் கோயிலைச் சுற்றிய நாலைந்து தெருக்களில் ஒன்றில். அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அந்த வீட்டில் கூடி, முழந்தாள் போட்டு ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் சுரூபம் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், யார் வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்ற பேச்சு கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடும். எங்கள் முறை சனிக்கிழமை. அதற்கு முன்னால் முறை வந்த ஒரு வீட்டில் சீரியல் லைட்டெல்லாம் போட்டு அசத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் போன வருஷம் போட்ட டைல்ஸ் தரை. மழைக்காலத்தில் அதில் முழந்தாள் போட்டால் எலும்புக்குள் குளிரும். வருகிறவர்களில் பாதிப் பேர் மூட்டுவலிக்காரர்கள்.

கம்பெனியில் மத்தியானம் சாப்பிடும்போது இதைப் புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் அயர்ன் செக்‌ஷன் அக்கா. கோட்டக்குப்பத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். வீட்டுக்காரர் துபாயில் டிரைவர். நான் கறை பார்த்து அனுப்பும் சட்டைகள் கடைசியில் அவர் கைக்குத்தான் போகும். அந்தக் கம்பெனியில் என்னிடம் திட்டு வாங்காமல் பதினோரு வருஷம் தள்ளியவர் அவர் ஒருவர்தான்.

"போர்வைய மடிச்சிப் போட வேண்டியதுதான், வேற இன்னா பண்றது?" என்றேன்.

"ஏன், என் வீட்டுல கார்ப்பெட் சும்மாதானே சுருட்டிக் கெடக்குது. எடுத்துட்டுப் போயேன்."

"ஐயோ, வேணாங்க்கா. துபாய்லேருந்து அண்ணன் தூக்கிட்டு வந்தது. அழுக்காயிடும்."

"ஜெபம் பண்ணத்தானே கேக்குற? டான்ஸ் ஆடவா கேக்குற? எடுத்துட்டுப் போ. ஒண்ணே ஒண்ணு, அடுத்த வியாழக்கெழமைக்குள்ள எனக்கு வந்துடணும். வெள்ளிக்கெழமை பொண்ணப் பாக்க வர்றாங்க."

அவருடைய மகளைப் பார்க்க வருகிறவர்கள் வசதியானவர்கள், மாப்பிள்ளையின் அம்மா சுத்தத்தில் படுகண்டிப்பு என்பது எனக்கு முன்பே தெரியும். அந்த ஒரு வாரமாக அக்கா வாயில் வேறு பேச்சே இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, புதுத் திரை போட்டாயிற்று. ஹாலில் விரிக்க அவரிடம் இருந்தது அந்த ஒரே கார்ப்பெட். அதைத்தான் என் கையில் கொடுத்தார். ஜெபத்துக்கு முந்தின நாளே கம்பெனி வேனில் ஏற்றி, டிரைவரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே ஊருக்குக் கொண்டுவந்தேன். மெரூன் நிறம், ஓரத்தில் வெண்ணெய் நிறக் கொடி. விரித்ததும் எங்கள் ஹாலே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபம் நன்றாகவே நடந்தது. சுரூபத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலில், பிப்ரவரியில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த பெரிய மெழுகுதிரியை ஏற்றியிருந்தேன். கடல் கொந்தளிக்கும்போதும், வீட்டில் யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கும்போதும் ஏற்றுவதற்காக வைத்திருக்கும் திரி அது. மாதா வரும்போது ஏற்றாமல் வேறு எப்போது ஏற்றுவது? கடைசிப் பாட்டில் இரண்டு பொடிசுகள் சுடரிடம் விரலை நீட்டிக்கொண்டிருந்தன. "மெழுவத்திகிட்டப் போகாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று கத்திக்கொண்டே வேகமாகத் திரும்பினேன். என் முந்தானை ஸ்டூலைத் தட்டியது. ஒன்றரை மணி நேரம் எரிந்து குளமாக நின்றிருந்த மெழுகு அப்படியே கார்ப்பெட்டின் நடுவில் ஊற்றியது. என் சத்தம் கேட்டே பிள்ளைகள் தள்ளிப் போயிருந்தார்கள்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கார்ப்பெட் போய்விட்டதே என்று இல்லை. மந்திரித்த மெழுகு தரையில் கொட்டிக் கிடக்கிறது, அதை மிதிக்கக் கூடாது. மந்திரித்த எதையும் நாங்கள் குப்பையில் போட மாட்டோம், காலில் படவிட மாட்டோம். எரிக்க வேண்டும், புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடலில் விட வேண்டும். "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து போய் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். மரக்காணத்தில் உப்பளம் குத்தகை எடுத்துச் செய்கிறவர். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து உப்புதான். பல்வலிக்கு உப்பு, காலில் முள் குத்தினால் உப்பு, ரத்தக் கறைக்கு உப்பு, மீன் குழம்பு கொட்டினால் உப்பு. அவர் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதல் கை உப்புச் சாக்குக்குத்தான் போகும். நானும் யோசிக்கவில்லை. "சீக்கிரம் கொண்டாங்க" என்று கத்தினேன். அவர் ஒரு முறம் நிறையக் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்து மெழுகின்மேல் கொட்டினார். நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் தேய்த்தேன்.

மெழுகு அப்போது இளஞ்சூட்டில் இருந்தது. உப்பை ஒவ்வொரு கல்லாக உள்ளே வாங்கிக்கொண்டு இறுகியது. காலையில் பார்த்தால் முறம் அளவுக்கு, கையை வைத்தால் கீறுகிற மாதிரி சிமென்ட் பூசியது போல் நிற்கிறது. போதாததற்கு மழைக்காற்றில் உப்பு கசிந்து, சுற்றிலும் ஈரம் பரவியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மெழுகை ஐஸ் வைத்து இறுக்கிவிட்டால் உதிர்ந்து வந்துவிடும் என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கென்ன, அவள் கார்ப்பெட்டில் உப்பு இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் போதாது என்று வீட்டுக்காரர் கரைக்குப் போய், மீன் பெட்டியில் போடுகிற ஐஸை ஒரு கூடை வாங்கிவந்தார். அதை அப்படியே மேலே குவித்தோம். உப்பில் பட்ட ஐஸ் சும்மா இருக்குமா? விறுவிறுவென்று உருகி, மீன் வாடையோடு உப்புத் தண்ணீராகக் கொடிப்பூ வரைக்கும் ஓடியது. உப்பு, ஐஸ், மீன் தண்ணி மூன்றையும் சேர்த்து, துபாய் கார்ப்பெட்டை முறையாகக் கருவாடு போட்டுவிட்டோம்.

"எல்லாம் உங்க உப்பாலதான்" என்றேன்.

"கொண்டான்னு கத்துனது யாரு? ஸ்டூலத் தட்டுனதும் நானா?" என்றார். அவர் சொன்னது சரி என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அன்று மத்தியானம் அவருக்கு நான் சோறு போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை கம்பெனியில் அக்கா கேட்டார். "ஜெபம் எப்படி நடந்துச்சி?"

"நல்லா நடந்துச்சிக்கா."

"கார்ப்பெட்டு பத்துச்சா எல்லாருக்கும்?"

"பத்துச்சிக்கா."

இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி நான் தனியாக உட்கார்ந்தேன். புதிதாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால், அண்ணன் தோளில் சுமந்து வந்ததற்கு எந்தக் கடையில் போய் ஈடு வாங்குவது? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வெறும் தரையில் உட்கார்ந்து, அந்தக் கண்டிப்பான அம்மா ஏதாவது சொல்லிவிட்டுப் போனால்? ஒரு பெண்ணின் சம்பந்தம் என் முந்தானையால் கெட்டுப்போகும்.

என் பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கர் ரோல் பாதி தீர்ந்தது. ஒரு தையலையும் விடவில்லை. கடைசியில் அக்கா அயர்ன் போட்டு அடுக்கிய சட்டைகளையே பிரித்து, காலரில் லேசாகப் பளபளப்பு ஏறியிருக்கிறது என்று ஏழு சட்டைக்கு அம்பு ஒட்டி அவர் டேபிளில் கொண்டுபோய்ப் போட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் முறை.

அக்கா சட்டையைப் பார்க்கவில்லை. அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா ஆச்சி உனக்கு? ரெண்டு நாளா பாக்குறேன்."

அவ்வளவுதான். சுற்றிலும் இருபது பேர் பார்க்க, நான் அழ ஆரம்பித்தேன். முந்தானை, மெழுகு, உப்பு, ஐஸ் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. "மந்திரிச்ச மெழுகுக்கா, அதை மிதிக்கக்கூட கூடாது, சொரண்டிக் குப்பையில போடவும் முடியாது, உங்க கார்ப்பெட்டும் போச்சி" என்று விக்கிக்கொண்டே சொன்னேன்.

அக்கா முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. அதை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைப் பெண் பார்ப்பது அவருக்கும் நினைவு வந்திருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உப்பா போட்டீங்க?"

"ஆமாங்க்கா."

"எவ்ளோ?"

"ஒரு மொறம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அயர்ன் டேபிளைப் பிடித்துக்கொண்டார். "அடிப் பாவி. முன்ன அடிச்ச அந்தப் பெரிய புயல்ல பதினஞ்சி நாளு கரண்டு இல்லாம, அதே கார்ப்பெட்டுல எத்தினி மெழுவத்தி கொட்டிச்சின்னு தெரியுமா? நாந்தானே எடுத்தேன். மெழுகு ஒரு விஷயமே இல்ல. உன் உப்புதான் வேலை வைக்கும். நாளைக்கி லீவு போடு, நான் வர்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் மழைத் தூறலில் பஸ் ஏறி வந்து இறங்கினார். ஒரு பையில் அவர் வீட்டு அயர்ன் பாக்ஸ். இன்னொரு பையில், கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வாங்கிய பழுப்புக் காகிதம். துணி வெட்ட அளவு வரைகிற காகிதம்தான். கார்ப்பெட்டைப் பார்த்தார், குனிந்து மோந்தார், மூக்கைச் சுளித்தார். "வஞ்சிரமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் உப்பளத்துக்கு நடையைக் கட்டினார்.

பிறகு புடவையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். முதலில் கார்ப்பெட்டைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் கையால் தட்டினார். ஒட்டாமல் நின்ற உப்பெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. திருப்பிப் போட்டு, ஐஸை வெறுமனே வைக்காமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தார். மெழுகு விறைத்ததும் மழுங்கின கரண்டிக் காம்பால், நூல் பிய்யாமல், ஓரத்திலிருந்து நடுவுக்காகச் சுரண்டினார். "நடுவுலேருந்து ஆரம்பிச்சா பரவிக்கும்" என்றார். என்னிடமும் ஒரு கரண்டியைக் கொடுத்தார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் சுரண்டினோம்.

பெரிய சில்லுகள் போனபின் தரை முழுக்கப் பொடி. எனக்கு எதுவும் சிதறிக் கிடந்தால் கை சும்மா இருக்காது. எழுந்துபோய் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டக் குனிந்தேன்.

"ஏய், இரு இரு. வெளக்கமாத்தப் போடாத" என்று என் கையைப் பிடித்தார். "உங்க மந்திரிச்ச மெழுகுதானே? நீதானே சொன்னே."

அப்போதுதான் கவனித்தேன். சுரண்டின ஒவ்வொரு சில்லையும் அவர் பக்கத்தில் ஒரு காகிதத்தை விரித்து அதில் தனியாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். தன் கால் படாமல் காகிதத்தைத் தள்ளியும் வைத்திருக்கிறார். நான் சேர்த்தது என் முழங்காலுக்கு அடியில் கிடந்தது. பிறந்ததிலிருந்து பூசைக்குப் போகிறவள் நான். கார்ப்பெட் கவலையில் எனக்கு மறந்துபோயிருந்தது. அழுகைக்கு நடுவில் ஒரே ஒரு தடவை கேட்டதை அவர் மறக்கவில்லை.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவரையே பார்த்தேன்.

"இன்னாத்துக்கு மொறைக்கிற? எங்க வூட்டுல பள்ளிவாசல்ல ஓதிக் குடுத்த தண்ணி மிஞ்சிப்போனா சாக்கடையிலயா ஊத்துவோம்? செடிக்கு ஊத்துவோம், கால் படாத எடமாப் பாத்து. அந்த மாதிரிதான இதுவும்" என்றார். சொல்லிவிட்டு விரல் நுனியால் தரையில் இருந்த பொடியை ஒற்றி ஒற்றி எடுத்தார். நானும் உட்கார்ந்து ஒற்றினேன். அரை மணி நேரம் அந்த வேலை மட்டும் நடந்தது.

அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்தார். "சூடு ஏறுச்சின்னா நூலே உருகிடும்" என்று காகிதத்தைப் போட்டு, மேலே பெட்டியை லேசாக ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் பழுப்புக் காகிதத்தில் எண்ணெய் பட்டது போல் ஒரு வட்டம் தெரிந்தது. நூலுக்குள் இருந்த மெழுகு காகிதத்துக்கு ஏறுகிறது. காகிதத்தை மாற்றினார், மறுபடி ஓட்டினார், மறுபடி மாற்றினார். வட்டம் ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்தது. மெழுகு போகப் போக அதற்குள் சிக்கியிருந்த உப்பு விடுபட்டு மேலே நின்றது. அதை வெள்ளைத் துணியில் நல்ல தண்ணீர் தொட்டு ஒற்றி எடுத்தோம். தேய்க்கக் கூடாது என்று என்னிடம் நாலு முறை சொன்னார், ஏனென்றால் நாலு முறையும் நான் தேய்த்தேன். மீன் வாடைக்கு ஷாம்பு கலந்த தண்ணீரில் முக்கிப் பிழிந்த துணி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம்.

மெழுகு ஏறிய காகிதங்களையும் அவர் கசக்கவில்லை. மடித்து அடுக்கி, சில்லுகளோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்காரர் கடற்கரையில் குழி தோண்டி அதைப் புதைத்துவிட்டு வந்தார்.

செக்கிங் டேபிள்காரியாக நான் அந்தக் கார்ப்பெட்டை வெளிச்சத்தில் போட்டு இஞ்ச் இஞ்சாகப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கையை வைத்து அழுத்தினால் அடி நூலில் அங்கங்கே உப்பு நெருடியது. அதுமட்டும் கடைசிவரை வரவில்லை.

"பரவால்ல. கண்ணுக்குத் தெரியல இல்ல" என்றார் அக்கா.

"யாராவது கேட்டா கடல் மண்ணுன்னு சொல்லிடுங்க்கா. எங்க வீட்டுக்கு வந்ததச் சொல்லிடாதீங்க" என்றேன். அவர் காதில் வாங்காமல் கார்ப்பெட்டைச் சுருட்டினார், வியாழக்கிழமை கம்பெனி வேனில் அது கோட்டக்குப்பம் போனது.

வெள்ளிக்கிழமை ஒத்தாசைக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன். ஜும்மா தொழுகை முடிந்தபின் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆண்கள் வெளியே நாற்காலியில் இருந்தார்கள். நான் சமையலறையில் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, அத்தனை இடம் இருக்க, நேராக நடுவில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கையை ஊன்றினார். ஊன்றிய கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி தடவிப் பார்த்தார்.

"இன்னா இது, நறநறன்னு?"

என் கத்தி நின்றுவிட்டது. மண் என்று சொல்லிடுங்க அக்கா, கடற்கரை ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"உப்புங்க" என்றார் அக்கா, சர்பத் கிளாஸை நீட்டிக்கொண்டே. "மரக்காணத்துல என் தங்கச்சி வீட்டுல மாதா ஜெபத்துக்கு இதக் குடுத்திருந்தேன். மெழுகு கொட்டிடுச்சி. பயந்துபோயி உப்ப அள்ளிக் கொட்டிட்டா. ரெண்டு பேருமாத்தான் சுத்தம் பண்ணோம். கொஞ்சம் நின்னுடுச்சி."

ஹாலில் பெண்ணின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. மெழுகையும் மாதாவையும் அவர் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. இரண்டு வாரமாகச் சுவரையும் திரையையும் பார்த்துப் பார்த்துச் செய்து எந்தச் சம்பந்தத்துக்காகக் காத்திருந்தாரோ, அதையே பணயம் வைத்து என் பக்கம் நின்றுவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா கையைத் தட்டிக்கொண்டார். "துவா செஞ்ச எடம்தானே, இருக்கட்டும்" என்றார். பிறகு, "தங்கச்சின்றீங்க, அவங்க எங்க? உள்ள வெச்சி வேலை வாங்குறீங்களா?" என்றார்.

"ஏய், வாடி இங்க" என்று அக்கா கூப்பிட்டார்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். அக்கா நகர்ந்து தன் பக்கத்தில் இடம்விட்டார். இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில், கார்ப்பெட்டின்மேல் என்னை உட்காரவைத்தார்கள். அன்று அந்த ஹாலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற அம்மா இல்லை, நான்தான். வெங்காயம் நறுக்கினேன், அதான் என்று சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா நம்பிவிட்டார். அக்கா நம்பவில்லை.